மலை தின்ற சாலை

அன்புள்ள சங்கர்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பெரியவன் வேலையை விட்டுவிட்டுத் தோட்டம் பார்க்கப் போகிறேன் என்கிறானாமே? கொஞ்ச நாள் விட்டுத்தான் பாரேன்.

போன சனிக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பக்கம் போய்வந்தேன். மான்செஸ்டரில் ரயில் ஏறி ஈடேலில் இறங்கி, ஹாலின்ஸ் கிராஸ் வரை ஏற்றம். அப்புறம் முகட்டிலேயே நடந்தால் மாம் டோர் உச்சி. உயரம் 517 மீட்டர்தான். ஏற்காட்டுக்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் அந்தக் காற்று இருக்கிறதே! கையுறையைக் கழற்றி ஒரு படம் எடுப்பதற்குள் விரல் மரத்துவிடுகிறது. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் இன்னொன்றை உள்சட்டைப் பையில் வைத்திருந்தேன். பனியைக் கேமராவின் போக்குக்கு விட்டால் சாம்பலாகத்தான் எடுக்கும். ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கிய பிறகுதான் வெள்ளையாக வந்தது. டிசம்பரில் இங்கே உச்சிவேளையிலும் சூரியன் தாழ்வாகவே இருக்கிறது. சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்களெல்லாம் நடுப்பகலிலேயே நீள நிழல் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

சரி, அதெல்லாம் அங்கே போகிற எல்லோரும் எடுக்கிற படம். என்னை நிறுத்தி வைத்தது அடிவாரத்துக் கிராமமான காசில்டனுக்கு இறங்கும் பழைய சாலை. தார் பாளம் பாளமாக வெடித்து, ஒரு பக்கம் அப்படியே கீழே இறங்கிக் கிடக்கிறது. நடுவிலிருந்த வெள்ளைக் கோடு விளிம்பில் அறுந்து, கீழே கிடக்கும் பாளத்தில் தொடர்கிறது. உடைந்த இடத்தில் குனிந்து பார்த்தால் தார் அடுக்கடுக்காகத் தெரிகிறது. ஒவ்வொரு முறை சரிந்தபோதும் மேலேயே பூசிப் பூசிப் போட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட சாலை. 1979-இல் 'போதுமப்பா' என்று கைகழுவிவிட்டார்கள். மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அமைந்த மலை அது. மழைத்தண்ணீர் இறங்கினால் களிப்பாறை தளர்ந்து சரிவு நகர்கிறது. 4,000 ஆண்டுகளுக்கும் மேலாக இதே கதைதானாம். மழை அதிகமான குளிர்காலத்தில் வேகம் கூடும்.

குன்னூர் பாதையில் மண் சரிந்தால் இரண்டே நாளில் அள்ளிப் போட்டுவிட்டுப் பஸ் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு சாலையை மலையிடமே விட்டுவிட்டு வந்தது எனக்குப் புதுசு. இடித்து அகற்றாமல் அப்படியே போட்டிருப்பது அதைவிடப் பிடித்தது. சைக்கிள்காரர் ஒருவர் வண்டியைத் தோளில் சுமந்தபடி பிளவுகளைத் தாண்டிப் போனார். சிரித்துக்கொண்டே ஒரு படத்துக்கும் நின்றார்.

படங்களைத் தனியாக அனுப்புகிறேன். வெள்ளைக் கோட்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கலாமா, கலரிலேயே விடலாமா? உன் கண்ணுக்குத் தோன்றுவதைச் சொல். நீ கேமராவை விற்றதில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வாங்கியவர் திருப்பித் தருவாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்.

அன்புடன்,
ரவி