4 கட்டையில் ஒரு தாலாட்டு

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனை வைக்கப் போகும்போது, "அம்மா, இப்பவும் பாடுறியா?" என்று கேட்டாய். "ம், பாடுறேன்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்தப் பதில் போதாது என்று அன்றிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

பாடுகிறேன். ஆனால் சுருதி இறங்கிவிட்டது. டீச்சர் வேலைக்குச் சேர்ந்தபோது 5½ கட்டைச் சுருதியில் நின்று பாடியவள் நான். இப்போது 4 கட்டைதான் ஒத்துவருகிறது. வயதானால் பெண்களுக்குக் குரல் கனத்துக் கீழே இறங்கும், ஆண்களுக்குக் கொஞ்சம் மேலே போகும். ஆனால் என் தொண்டைக்கு வயது மட்டுமே காரணமில்லை, அது உனக்கும் தெரியும்.

ஒரே கூடம், ஐந்து வகுப்பு, நான் ஒருத்தி. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் மூன்றாம் வகுப்பை என்ன செய்வது? வாய்ப்பாட்டுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவேன். எங்கேயாவது ஒருவன் தப்பினால் தாளம் இடறும். திரும்பிப் பார்க்காமலே யாரென்று சொல்லிவிடுவேன். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், "இங்கே பாடம் நடக்குதா, கச்சேரி நடக்குதா?" என்று பிள்ளைகள் எதிரிலேயே கேட்டார். அன்று அழுதேன். மறுநாளும் பாடித்தான் நடத்தினேன்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஏறாது. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்றுதானே இலக்கணமே மாத்திரையைச் சொல்கிறது? அதனால் விரலை நொடித்துக்கொண்டே 'படம்', 'பாடம்' என்று பாடிக் காட்டுவேன். துணைக்கால் போட மறக்கிற பிள்ளைகூட அப்புறம் மறக்காது.

திக்கித் திக்கிப் பேசுவானே ஒரு பையன், உனக்கு நினைவிருக்கும். வாசிக்க எழுந்தாலே மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பெஞ்சுக்கடியில் குனிந்துகொள்வான். ஒரு நாள் எல்லோரோடும் சேர்ந்து பாடும்போது கவனித்தேன், அவனுக்கு ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. பாடும்போது திக்கல் பெரும்பாலும் விலகிவிடும் என்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. பாடப்புத்தகத்தின் உரைநடையையே அவனுக்காக மெட்டில் இழுத்துப் பாடினேன், அவனும் பாடினான். யாரும் சிரிக்கவில்லை. பேச்சில் திக்கல் முழுதாகப் போகவில்லைதான், ஆனால் கூப்பிட்டால் எழுந்து நின்றான். என் உத்தியோகத்தில் நான் பெரிதாக நினைப்பது அந்த ஒரு காட்சியைத்தான்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எனக்குக் குரலே இருக்காது. மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கை போலக் குரல் நாண் காய்ப்புக் காய்த்திருக்கிறது, கிசுகிசுவென்று பேசுவதும் சிரமம் கொடுக்கும், வாயையே திறக்காதீர்கள் என்றார் டாக்டர். அந்த வயதில்தான் நீ ராத்திரி என் மடியில் தலைவைத்து "பாடும்மா" என்பாய். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு உன் முதுகைத் தட்டிக்கொடுப்பேன். கொஞ்ச நாளில் நீ கேட்பதை விட்டுவிட்டாய். கேட்பதை நிறுத்திய அந்த இரவு எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தாலாட்டு என்றால் தாலை ஆட்டுவது, அதாவது நாக்கை ஆட்டுவது என்று வகுப்பில் விளக்கம் சொன்னவள், சொந்தப் பிள்ளைக்கு நாக்கை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்குச் சேர வேண்டிய குரலை அங்கேயே செலவழித்துவிட்டேன், கண்ணு. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடியதில் எனக்கு வருத்தமே இல்லை. உனக்கு மிச்சம் வைக்காததில் இருக்கிறது.

நேற்று நன்னூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துகள் தம் மாத்திரையைத் தாண்டி நீளும் இடங்களைச் சொல்லும் சூத்திரம் கண்ணில் பட்டது. இசையில் நீளலாம், விளியில் நீளலாம். பாடும்போதும், ஒருவரைக் கூப்பிடும்போதும். எத்தனையோ வருடம் நடத்திய சூத்திரம்தான். நேற்று அதைத் தாண்டி அடுத்த பக்கம் போக முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு உன் பெயரை ஒரு தரம் நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

அப்புறம் போனை எடுத்து ஒரு தாலாட்டைப் பாடிப் பதிவு செய்தேன். உனக்கு அனுப்பியிருக்கிறேன். 4 கட்டைதான். நடுவில் ஓர் இடத்தில் இருமல் வருகிறது, அதை வெட்ட எனக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கேள்.

அம்மா