சாம்பியனைத் தன் மைதானத்தில் விளையாட விடுங்கள்: யூஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

சுவிற்சர்லாந்தின் நியோன் நகரிலிருந்து ஐரோப்பிய உதைபந்தாட்டத்தை நடத்தும் யூஃபா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

போன கிழமை என் தங்கையின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பன்னிரண்டு வயது. உதைபந்தாட்டம் என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவான். புத்தக அலுமாரியைக் கிளறிக்கொண்டிருந்தவன் பழைய நுழைவுச்சீட்டு ஒன்றோடு வந்து நின்றான். 2012 ஒக்டோபர் 2, எஃப்சி நோர்ஷெலண்ட் – செல்சி.

“மாமா, நோர்ஷெலண்ட் எண்டுதானே முதல்ல போட்டிருக்கு. அப்ப இது அவையின்ர ஹோம் மட்ச். பிறகேன் பார்க்கன் எண்டு கிடக்கு? அது கொப்பன்ஹேகன் டீமின்ர இடமெல்லோ?”

யூஃபாவின் விதி அப்படி என்றேன். அவன் விடவில்லை.

“அந்த வருசம் ஆர் சாம்பியன்?”

“நோர்ஷெலண்ட்.”

“கொப்பன்ஹேகன்?”

“ரெண்டாவது.”

“வெண்டவை ஏன் தோத்தவையின்ர வீட்டில போய் விளையாடினவை?”

என்னிடம் பதில் இல்லை. அந்தச் சீட்டை வாங்கிய நாளிலிருந்து எனக்குள் கிடந்த கேள்வியும் இதுதான். அதை உங்களிடமே கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். ஃபாரும் என்பது கொப்பன்ஹேகனுக்கு வடமேற்கே சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி, நகர ரயில் பாதை முடிகிற இடத்தில் இருக்கும் சிறிய ஊர். அங்கிருந்த இரண்டு உள்ளூர்க் கழகங்கள் 1991இல் ஒன்றாகின. அதிலிருந்து வந்ததுதான் நோர்ஷெலண்ட் அணி. 2002இல்தான் டென்மார்க்கின் முதல்தர லீக்குக்கு ஏறி வந்தார்கள். 2010இலும் 2011இலும் டேனிஷ் கிண்ணத்தை வென்றார்கள். ஆனாலும் லீக் பட்டம் அவர்களுக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. எஃப்சி கொப்பன்ஹேகன் தொடர்ந்து மூன்று வருடங்களாகச் சாம்பியன். மூன்றாவது தடவை, இரண்டாமிடத்தை விட 26 புள்ளிகள் முன்னால் நின்று வென்றது. அப்படிப்பட்ட அணியை, நோர்ஷெலண்டின் தலைமைப் பயிற்சியாளராகத் தன் முதல் பருவத்தில் இருந்த காஸ்பர் யூல்மாண்டின் பெடியன்கள் பின்தள்ளி, கடைசி நாளில் பட்டத்தை உறுதிசெய்தார்கள். 68 புள்ளிகள், 66 புள்ளிகள். அவ்வளவுதான் இடைவெளி. ஹொர்சன்ஸ் அணியை 3–0 என்று வென்ற அந்த மே 23 மாலை நானும் மைதானத்தில் இருந்தேன்.

அன்று கண்ட ஒரு காட்சியை உங்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவர் இருந்தார். மட்ச் நாட்களில் வாசற்கதவைத் திறப்பது, மூலைக்கொடிகளை நடுவது, கடைசியில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போவது அவருடைய வேலை. சம்பளம் கிடையாது. டென்மார்க்கில் சின்னக் கழகங்கள் இப்படியான மனிதர்களால்தான் ஓடுகின்றன. அன்று சனமெல்லாம் ஆடிப் பாடிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டது. அவர் மட்டும் ஒரு மூலையில் குந்தியிருந்து, பிடுங்கிய கொடிக்கம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரவில்லையா என்று கேட்டேன். “கொடியெல்லாம் வெளிறிவிட்டது, புதிதாக வாங்கவேண்டும். இனி ஐரோப்பா இங்கே வரப்போகிறதே” என்றார்.

ஐரோப்பா அங்கே வரவில்லை.

ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் குழுநிலைக்கு நோர்ஷெலண்ட் நேரடியாகத் தெரிவானது. செல்சி, யுவென்டஸ், ஷக்தார் டொனெட்ஸ்க் என்று பெயர்கள் வந்து விழுந்தன. செல்சி அப்போதைய ஐரோப்பிய சாம்பியன். யுவென்டஸ் ஒரு மட்சும் தோற்காமல் இத்தாலியப் பட்டத்தை வென்றிருந்தது. பிறகு அடுத்த செய்தி வந்தது. ஃபாரும் மைதானம் உங்கள் தரத்துக்குப் போதாதாம். சுமார் 10,000 பேர் இருக்கக்கூடிய இடம் அது. எனவே மூன்று ஹோம் மட்சுகளும் 38,000 பேர் கொள்ளும் பார்க்கனில். நான்கு மாதங்களுக்கு முன் இரண்டு புள்ளிகளால் தாங்கள் வென்ற அணியின் வீட்டில்.

செல்சி மட்சுக்கு அந்தப் பெரியவரும் நானும் ஒரே ரயிலில் போனோம். எழுந்து நிற்கும்போது அவர் சட்டைப்பைக்குள் ஏதோ கிலுங்கியது. மைதானத்துத் திறப்புக்கொத்து. இதை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். மட்ச் நாளென்றால் கை தன்பாட்டில் எடுத்துவிடுகிறது என்றார். பார்க்கனில் அவர் திறக்க ஒரு கதவும் இல்லை. நடுவதற்குக் கொடியும் இல்லை. நாற்பத்தைந்து நிமிடம் கைகளைத் தொடைமேல் வைத்தபடி இருந்தார். இடைவேளையில், “இந்த நேரம் நான் தேநீர்க்கடைக்குப் பின்னால் நிற்கவேண்டியவன்” என்று மட்டும் சொன்னார்.

இருபது கிலோமீட்டர்தானே, அரைமணி ரயில்தானே என்று நீங்கள் கேட்கலாம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எங்கள் ஊர்ப்பக்கம் கழகம் என்றால் அதற்கு ஒரு மைதானம் உண்டு. எந்த மூலையில் பந்து திடீரென்று எழும்பும், மாலை வெயில் எந்தக் கோல் காப்பாளனின் கண்ணில் விழும் என்றெல்லாம் ஊர்ப்பெடியன்களுக்கு மனப்பாடம். பெரிய அணி வரும்போது சின்ன அணியின் கையில் இருப்பதே அதுதான். அதையும் பிடுங்கிவிட்டு இப்போது போய் வெல் என்றால் எப்படி வெல்வது?

நோர்வேயின் பூடோ கிளிம்ட்டைப் பாருங்கள். அவர்களும் 2020இல்தான் முதன்முதலாக லீக் பட்டம் வென்றார்கள். அடுத்த வருட ஒக்டோபரில் இத்தாலியின் ரோமா அங்கே போனது. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, செயற்கைப் புல், குளிர், பக்கத்தில் நின்று கத்தும் சனம். ரோமா 6–1 என்று தோற்றது. அந்த மட்சை ஒஸ்லோவில் வைத்திருந்தால் அப்படி நடந்திருக்குமா? அந்த இரவை நினைத்து ஐரோப்பா முழுவதும் சந்தோசப்பட்டது. 2012இல் அப்படி ஓர் இரவு ஃபாருமுக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்திருக்கக்கூடும். செல்சியிடம் 79ஆவது நிமிடம் வரை ஒரே ஒரு கோலால்தான் பின்தங்கியிருந்தார்கள். பிறகுதான் அது 0–4 ஆனது. யுவென்டஸுக்கு எதிராக மிக்கல் பெக்மன் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டு முன்னால் நின்றார்கள். 81ஆவது நிமிடத்தில் வூச்சினிச் சமன் செய்ய 1–1 என்று முடிந்தது. ஆறு மட்சுகளில் அவர்கள் எடுத்தது அந்த ஒரு புள்ளிதான். நான்கு கோல் போட்டு இருபத்திரண்டு வாங்கினார்கள். சொந்த மைதானத்தில் விளையாடியிருந்தால் குழுவைத் தாண்டியிருப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. தோற்றாலும் தங்கள் வீட்டில் தோற்றிருப்பார்கள்.

ஷக்தார் மட்சை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். நவம்பர் 20. நோர்ட்ஸ்ட்ராண்டின் கோலால் நோர்ஷெலண்ட் 1–0 முன்னிலை. ஒருவர் காயப்பட்டதால் ஆட்டம் நின்று, நடுவர் பந்தைப் போட்டுத் தொடங்கினார். ஷக்தாரின் வில்லியன் வழக்கப்படி பந்தை எதிரணிக் கோல் காப்பாளரிடம் கொடுத்துவிடத் தட்டினார். அதே அணியின் லூயிஸ் அட்ரியானோ ஓடிப்போய் அந்தப் பந்தை எடுத்து, யெஸ்பர் ஹான்சனைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளே போட்டார். டேனிஷ் பெடியன்கள் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். பதிலுக்கு ஒரு கோல் விட்டுத்தருவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். தரவில்லை. கடைசியில் 2–5. அட்ரியானோவுக்கு நீங்கள் ஒரு மட்ச் தடை போட்டீர்கள். கோல் கோலாகவே இருந்தது. நியாயம் கேட்டுக் கத்துவதற்குக்கூட அது எங்கள் வீடாக இருக்கவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கு வலித்தது.

விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1985இல் பெல்ஜியத்தின் ஹெய்செல் அரங்கில் சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். சுவர் உறுதியாக இருக்கவேண்டும், வெளியேறும் வழி திறந்திருக்கவேண்டும், ஆம்புலன்ஸ் உள்ளே வரவேண்டும். அதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் உங்கள் விதிநூல் அதோடு நிற்கவில்லையே. முக்கிய விருந்தினருக்கு எத்தனை கதிரை, ஊடகக்காரருக்கு எத்தனை மேசை, ஒளிபரப்பு வாகனங்கள் நிறுத்த எவ்வளவு இடம், எத்தனை தொலைக்காட்சிக் கூடங்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. உயிரைக் காக்கும் விதியும் விருந்தினரை உபசரிக்கும் விதியும் எப்படி ஒரே தட்டில் வந்தன? முதலாவது குறைந்தால் மட்சை மாற்றுங்கள், நானே கைதட்டுகிறேன். இரண்டாவது குறைந்தால் அந்த ஒரு பருவத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சாம்பியன் தன் மைதானத்தில் விளையாடட்டும்.

அந்த ஆண்டு நோர்ஷெலண்டுக்காவது குழுநிலைக்கு நேர்வழி இருந்தது. இப்போது அதுவும் உறுதியில்லை. 2009இல், அப்போதைய உங்கள் தலைவர் பிளாட்டினியின் காலத்தில், சின்ன நாட்டுச் சாம்பியன்களுக்கென்று தகுதிச்சுற்றில் தனிப்பாதை போட்டீர்கள். அதற்கு இன்றும் நன்றி. ஆனால் 2024இல் போட்டியை 36 அணிகளாகப் பெருப்பித்து நான்கு புது இடங்கள் உண்டாக்கினீர்களே, அந்தப் பாதைக்கு எத்தனை கொடுத்தீர்கள்? ஒன்று. இரண்டு இடங்கள் முந்தைய பருவத்தில் நன்றாக விளையாடிய நாடுகளுக்குப் போயின. முதல் வருடம் இத்தாலியும் ஜெர்மனியும், அடுத்த வருடம் இங்கிலாந்தும் ஸ்பெயினும். இத்தாலியில் ஐந்தாவதாக வந்த பொலோனியா நேராக உள்ளே போனது. அதே கோடையில் டென்மார்க்கின் சாம்பியன் மிட்யூலான்ட் அன்டோரா அணியோடு ஆடி, ஹங்கேரி அணியோடு ஆடி, ஆறாவது மட்சில் பிராட்டிஸ்லாவாவில் 2–3 என்று தோற்று வெளியே நின்றது. பொலோனியா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர்களும் பல காலம் காத்திருந்தவர்கள். ஆனால் ஒரு நாட்டின் முதலாமவன் வாசலில் நிற்க, இன்னொரு நாட்டின் ஐந்தாமவனுக்குக் கதிரை போட்டு வைப்பதற்குச் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போது உங்களுக்கு ஒன்றும் தோன்றுவதில்லையா?

சரி. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்க வந்தது மைதானத்தைப் பற்றி மட்டும்தான்.

டென்மார்க்கில் இன்னொரு ஊரைச் சொல்கிறேன். கோகே நகரின் பக்கத்தில் ஹெர்ஃபொல்கே. 1992 ஐரோப்பியக் கிண்ண இறுதியில் கோல் போட்ட ஜோன் ஜென்சன் பயிற்சியாளராகவும் விளையாடுபவராகவும் இருந்து அந்த அணியை 2000இல் சாம்பியன் ஆக்கினார். அவர்களுக்கும் அதுவே முதல் பட்டம். சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸிடம் இரண்டு மட்சிலும் 0–3. அடுத்த வருடமே இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டார்கள். 2009இல் கோகே கழகத்தோடு சேர்ந்து எச்பி கோகே ஆனார்கள்.

அந்த எச்பி கோகேயின் பெண்கள் அணி, முதல்தர லீக்கில் விளையாடிய முதல் பருவத்திலேயே, 2021இல் பட்டம் வென்றது. புரொண்ட்பியும் ஃபோர்ச்சுனா யொர்ரிங்கும் மாறி மாறி வைத்திருந்த பட்டம் அது. அந்த ஒக்டோபரில் ஐரோப்பிய சாம்பியனான பார்சிலோனா கோகேக்கே வந்து, அந்தச் சின்ன மைதானத்தில் விளையாடியது. 0–2 என்று தோற்றார்கள். அதனால் என்ன? தாங்கள் பயிற்சி எடுக்கும் ஊரில் உலகின் சிறந்த அணி வந்து நின்றதை அங்கத்தைய பெண்பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். பெண்கள் போட்டியில் உங்களால் முடிந்திருக்கிறது. அதை ஏன் ஆண்கள் போட்டியில் செய்ய மறுக்கிறீர்கள்?

செய்யக்கூடிய காரியம்தான். முதல் பட்டத்தை நோக்கி ஒரு சின்னக் கழகம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மார்ச் மாதத்திலேயே ஒரு ஆளை அனுப்பி மைதானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குறை என்ன என்று அப்போதே எழுதிக்கொடுங்கள். சாம்பியன்ஸ் லீக்கில் விளையாடினால் அவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுத்தால் விளக்கும் கதிரையும் அவர்களே போட்டுக்கொள்வார்கள். கோடை முழுவதும் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகும் பாதுகாப்பில் குறை இருந்தால் மட்டும் வேறிடம் தேடுங்கள். அப்போதும்கூட, தயவுசெய்து, அவர்கள் வென்ற அணியின் வீட்டைக் காட்டாதீர்கள்.

திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். சாம்பியனைத் தன் மைதானத்தில் விளையாட விடுங்கள்.

ஃபாரும் மைதானம் இன்றும் அங்கேதான் இருக்கிறது, பெயர் மட்டும் மாறிவிட்டது. என் மருமகன் அடுத்த மாதம் அங்கே ஒரு மட்ச் பார்க்கவேண்டும் என்று நிற்கிறான். கூட்டிக்கொண்டு போவேன். அந்த நுழைவுச்சீட்டை அவனுக்கே கொடுத்துவிட்டேன். அதைத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். நீங்கள் இரண்டு வரியில் பதில் போட்டால் அதையும் அவனிடம் கொடுப்பேன். கேள்வி கேட்டவன் அவன்தானே.

மரியாதையுடன்,
டென்மார்க்கில் வாழும் ஓர் உதைபந்தாட்ட ரசிகன்