முதல் ஆறு மாதத்திலேயே முடிவாகிவிடும் மூன்று வருட ஆய்வு

மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும், நெறிமுறைக் குழுச் செயலர்களுக்கும், பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தமிழ்நாட்டில் எம்.டி., எம்.எஸ். சேரும் ஒவ்வொருவரும் ஒரு தீசிஸ் (ஆய்வேடு) எழுதியாக வேண்டும். அது ஏன் பெரும்பாலும் நூலக அலமாரியோடு நின்றுவிடுகிறது என்று கேட்டால், எல்லாக் கூட்டத்திலும் ஒரே பதில்தான்: நிதி இல்லை. அது பாதி உண்மை. பயிற்சி, அனுமதி, பணம், மாநாடு எல்லாமே மாணவருக்கு வந்துசேரத்தான் செய்கின்றன. ஆனால் வர வேண்டிய வரிசையில் வருவதில்லை. அந்த வரிசையைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் காலக் கணக்கு. மூன்று வருடம் என்றால் 36 மாதம். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸைக் கொடுத்தாக வேண்டும், மீதி 30. புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) எழுத முதல் ஆறு மாதம் போகிறது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு, அதன் கேள்விகள், திருத்தம், மறுபடி கூட்டம் என்று இன்னும் மூன்று மாதம். மாவட்ட மருத்துவமனைப் பணிக்கு (டி.ஆர்.பி.) மூன்று மாதம் கட்டாயம். கடைசியில் கணக்கிட்டு எழுத மூன்று மாதமாவது வேண்டும். நோயாளிகளைச் சேர்க்க மிஞ்சுவது 15 மாதம். முன்னால் எங்கே தாமதம் ஆனாலும் வெட்டு இந்தப் பதினைந்தில்தான் விழும். 120 பேரைச் சேர்ப்பதாக எழுதியவர் 60 பேரோடு நிறுத்திக்கொண்டு, சாம்பிள் சைஸ் (எத்தனை பேர் தேவை) பத்தியைப் பின்னோக்கித் திருத்துவது இப்படித்தான்.

பயிற்சியில் தொடங்குவோம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகளின்படி ஆய்வு முறையியல் பாடத்தை முதல் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். புரோட்டோகாலை ஆறாவது மாதத்தில் கேட்கிறோம். அதாவது எப்படி எழுதுவது என்று படிப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும்! சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் அடிப்படை உயிரிமருத்துவ ஆய்வுப் பாடம் நல்ல பாடம்தான். நிறை குறைகளை அளந்து, எளிமையாகச் சொல்கிறார்கள். ஆனால் மாணவர்கள் அதைத் தேர்வுக்கான தகுதிச் சான்றாக மட்டுமே பார்க்கிறார்கள். சேர்ந்த உடனே வரும் பாடச் சுற்றிலேயே எல்லோரையும் பதிவுசெய்ய வைப்பது துறைத்தலைவரின் பொறுப்பு என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அடுத்த சுற்றுக்குத் தள்ளினால் புரோட்டோகால் போன பிறகுதான் பாடம் வரும்.

வீடியோ பார்த்துத் தன் கேள்வியை உருவாக்க யாராலும் முடியாது. அதற்குப் பட்டறை வேண்டும். இப்போது நடப்பது பட்டறை இல்லை, கூட்டம். இருநூறு பேர் அரங்கில், குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை முடிய பதினொரு மணி, பிறகு பி-மதிப்பு என்ற புள்ளியியல் அளவு பற்றி ஒரு மணி நேரம், சாப்பாடு, கிரெடிட் மணிச் சான்றிதழ். நாங்கள் பரிந்துரைப்பது வேறு. 24 பேர், ஆறு பேருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு வழிகாட்டி, இரண்டரை நாள். முதல் நாள் மாலைக்குள் ஒவ்வொருவரும் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதியாக வேண்டும். இரண்டாம் நாள் வெற்று அட்டவணைகள்: தீசிஸ் முடிவுகளில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வரைவது. இந்த ஒரு பயிற்சி போதும், தேவையற்ற நாற்பது கேள்விகள் புரோஃபார்மாவிலிருந்து (தரவு சேகரிக்கும் படிவம்) தானாக உதிர்ந்துவிடும். மூன்றாம் நாள் காலை சாம்பிள் சைஸ். கைடும் (தீசிஸுக்கு வழிகாட்டும் ஆசிரியர்) அந்த அரை நாளாவது உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையில் சரிசெய்த புரோட்டோகால் மறுநாள் துறையில் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும்.

சாம்பிள் சைஸில் அடிக்கடி நடக்கும் தவறை எண்ணோடு காட்டுகிறோம். ஒரு நோய் 20 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று எதிர்பார்த்து, 5 சதவீதப் புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விலகலாம் என்று வைத்தால், வழக்கமான சூத்திரம் (1.96-ன் வர்க்கம் × 0.2 × 0.8 ÷ 0.05-ன் வர்க்கம்) 246 பேர் என்கிறது. பத்து சதவீதம் பேர் பாதியில் விலகுவார்கள் என்றால் 246-ஐ 0.9 ஆல் வகுத்து 274. இதுவரை சரி. அதே 5 சதவீதத்தை அப்படியே எடுத்து, 2 சதவீதம் பேருக்கு மட்டுமே வரும் ஒரு சிக்கலுக்குப் போட்டால் 31 பேர் போதும் என்று விடை வரும். மாணவருக்குச் சந்தோஷம், கைடுக்கும் சந்தோஷம். அந்த விடைக்கு என்ன பொருள்? உண்மை அளவு மைனஸ் 3-லிருந்து 7 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கிறது. மைனஸ் மூன்று சதவீதம் பேருக்கு எந்த நோயும் வராது. சூத்திரத்தில் பிழை இல்லை. எந்த விலகலை ஏற்கலாம் என்ற மருத்துவத் தீர்மானத்தை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். மாதம் ஒரு பிற்பகல், புள்ளியியலாளரும் ஒரு மூத்த மருத்துவரும் சேர்ந்து உட்காரும் 'புரோட்டோகால் கிளினிக்' ஒன்று நடந்தால் இதை இருபது நிமிடத்தில் பிடித்துவிடலாம். அங்கே பார்த்த கையெழுத்து இல்லாமல் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தை வாங்கக் கூடாது என்பது எங்கள் முதல் கோரிக்கை.

நெறிமுறைக் குழுக்களுக்கு. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி உயிரிமருத்துவ ஆய்வுகளைப் பார்க்கும் குழு, சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு என்று காலாவதியாகிறது என்பதை அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள். கூட்டம் தள்ளிப்போவதற்கு முக்கியக் காரணம் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்தாக வேண்டிய உறுப்பினர்கள். ஐந்து பேர் வந்தால் மட்டும் போதாது. மருந்துப் பரிசோதனைகளைப் பார்க்கும் கூட்டம் என்றால் அதில் சட்டம் தெரிந்தவரும் பொதுமக்கள் பிரதிநிதியும் இருந்தாக வேண்டும். ஒரே ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு, அவருக்குக் கோர்ட்டில் வாய்தா விழுந்த நாளில் முப்பது மாணவர்களின் இரண்டு மாதத்தைப் பறிகொடுக்கிறோம். இரண்டு வக்கீல், இரண்டு பொதுமக்கள் பிரதிநிதி என்று நியமியுங்கள். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவையும் மதிப்பூதியத்தையும் அன்றே கொடுங்கள். பழைய கேஸ் ஷீட், பெயர் நீக்கிய மீதி ரத்த மாதிரி போன்ற குறைந்த ஆபத்துள்ள ஆய்வுகளை விரைவுப் பரிசீலனையில் முடிக்க ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல் இடம் தருகிறது. எல்லாவற்றையும் முழுக் கூட்டத்துக்கு இழுப்பதால் யாருடைய பாதுகாப்பும் கூடுவதில்லை.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலப் படிவத்தைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்த தமிழ் எந்த நோயாளிக்கும் புரியாது. 'இரு மறைப்பு முறையிலான ஆய்வு' என்பதை யார் படித்துக் கையெழுத்துப் போடுவது? 'உங்களுக்கு எந்த மருந்து தரப்படுகிறது என்று உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது' என்று எழுதுங்கள். 'சமவாய்ப்பு ஒதுக்கீடு' வேண்டாம். 'சீட்டுக் குலுக்கிப் போடுவது போல' போதும். '5 மி.லி. ரத்தம்' என்பதற்குப் பக்கத்தில் 'ஒரு டீஸ்பூன் அளவு' என்று சேருங்கள். குழுவில் இருக்கும் பொதுமக்கள் பிரதிநிதி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தினால் போதும்.

அனுமதி வந்ததும் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவப் பரிசோதனைகளின் பதிவகம்) பதிவு. 2018 ஏப்ரல் 1 முதல் ஆய்வு தொடங்கிய பிறகு பதிவுசெய்ய வழியில்லை. மருந்து, அறுவை முறை, உடற்பயிற்சி என்று எதைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வானாலும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு எண் கையில் இருக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில் ஒரு தலைப்பு, பதிவுப் படிவத்தில் இன்னொரு தலைப்பு என்றால் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும். குழு கடிதம் அடிக்கும்போதே தலைப்பை மாணவரிடம் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தால் இரண்டு வாரம் மிச்சம்.

இனி பணம். ஐ.சி.எம்.ஆரின் சிறு ஆய்வு நிதியே 2 கோடி ரூபாய் வரை, அடுத்த படி 8 கோடி வரை போகிறது. அவை நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு. முன்னோட்டத் தரவு இல்லாத விண்ணப்பம் அங்கே நிற்காது. அந்த முன்னோட்டத் தரவு எங்கிருந்து வரும்? ஒழுங்காகச் செய்த தீசிஸிலிருந்துதான். எனவே கல்லூரி அளவில் ஒரு விதைநிதி வேண்டும். ஆண்டுக்குப் பத்து தீசிஸ், ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரை, மொத்தம் 5 லட்சம். ஒரு நாள் மாநாட்டுக்கு மேடையும் விருந்தும் போடும் கல்லூரிக்கு இது முடியாத தொகை இல்லை. நெறிமுறை அனுமதி வந்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். கருவி வாங்க அனுமதி கிடையாது என்றும் எழுதிவிடுங்கள்.

எதற்குப் பணம் என்பதில் எங்களுக்குக் கறாரான கருத்து உண்டு. ஆய்வுக்காக மட்டும் செய்யும் சோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது; வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. சிகிச்சைக்குத் தேவையான சோதனை எது, தீசிஸுக்காகக் கூடுதலாகச் செய்வது எது என்று புரோட்டோகாலிலேயே இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பத்திக்குப் பணம் இல்லையென்றால் அந்த ஆய்வே வேண்டாம். மறுபரிசோதனைக்கு வரும் நூறு பேருக்குத் தலைக்கு 200 ரூபாய் பஸ் செலவு என்றால் 20,000. வராமல் நின்றுபோகும் நோயாளிகளைக் குறைக்க இதைவிட மலிவான வழி தெரியவில்லை.

பட்ஜெட்டில் அதிகம் தப்பும் இடம், ரத்தத்தில் ஒரு பொருளின் அளவைக் காணும் எலைசா கிட். 96 குழி இருக்கிறது, 90 பேருக்கு ஒரு கிட் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். எட்டு ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி), இரட்டையாகப் போட்டால் 16 குழி. சோதனை சரியாக நடந்ததா என்று காட்டும் இரண்டு கன்ட்ரோலுக்கு 4. மீதி 76. நோயாளி மாதிரியையும் இரட்டையாகப் போட வேண்டும், ஆக ஒரு கிட்டில் 38 பேர். தொண்ணூறு பேருக்கு மூன்று கிட். கிட் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 90,000. அந்த அதிர்ச்சி பதினெட்டாவது மாதத்தில் வரும்போது, ஒற்றையாகப் போட்டுச் சமாளிக்கிறார்கள். எண்களை நம்ப முடியாமல் போகிறது. கிட்டை முன்கூட்டியே வாங்கிவைத்தாலும் காலாவதியாகிவிடும். மாதிரிகளைச் சேர்த்துவைத்து, முக்கால்வாசி வந்தபின் மூன்று கிட்டையும் ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதி) வாங்குவதே சரி. அதுவரை சீரத்தை (ரத்தத்தின் தெளிநீர்) அரை மி.லி. குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். வார்டில் இருக்கும் பனிபடியாத வகை ஃப்ரீசர் தன் பனியைக் கரைக்கத் தானே அவ்வப்போது சூடாகும். மாதிரி உருகி உருகி உறையும். கல்லூரிக்குப் பொதுவான ஒரு மைனஸ் 80 பெட்டி, ஜெனரேட்டர் இணைப்போடு, ஒரு பதிவேட்டோடு இருந்தால் பல துறைகளுக்குப் போதும்.

கணக்குப் பிரிவுக்கும் சொல்ல வேண்டும். மத்திய அரசு நிதிக்கு 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று போகாமல் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் முதலில் சம்பளம் நிற்பது திட்டத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு. அவர் போனால் தரவும் போகும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிப் பேரேடு, வங்கி வட்டியைத் தனியே காட்டுவது, மார்ச் 31-க்குப் பிறகு சான்று தயாராக வேண்டிய நாள், இதற்குப் பொறுப்பான ஒருவரின் பெயர்: இந்த நான்கும் எழுத்தில் இருக்கட்டும்.

இதழ்களைப் பொறுத்தவரை, 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 முதல் அரசுக் கல்லூரிகளுக்கு ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள் திறந்திருக்கின்றன. ஹாஸ்டலில் இரவு டூட்டி முடிந்து படிப்பவருக்கு வெளியிலிருந்து நுழையும் கணக்கு வேண்டும். நூலகர் அதை உருவாக்கித் தந்தாரா என்று ஒருமுறை கேளுங்கள். தனியார் கல்லூரி மாணவர்கள் இதில் வரவில்லை. அவர்களுக்குப் பல்கலைக்கழகம்தான் வழி காண வேண்டும்.

பல்கலைக்கழகத்திடம் கேட்பது இன்னும் ஒன்று: ரெட்கேப். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய இந்தத் தரவு சேகரிப்பு மென்பொருள் லாபநோக்கற்ற நிறுவனங்களுக்கு இலவசம். ஒரு சர்வரும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் போதும். ஒரே இடத்தில் நிறுவி எல்லா இணைப்புக் கல்லூரிக்கும் கணக்குக் கொடுக்கலாம். இப்போது எக்செலில் வயது என்ற கட்டத்தில் '45', '45 வயது', 'நாற்பத்தைந்து' மூன்றும் இருக்கின்றன. 03/04 மார்ச்சா ஏப்ரலா என்று எழுதியவருக்கே மறந்துபோகிறது.

அடுத்த பேட்ச் சேர்ந்ததும் முதல் வாரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுங்கள். இணையப் பாடத்துக்குப் பதிவுசெய்யும் கடைசி நாள், பட்டறை நாட்கள், புரோட்டோகால் கிளினிக்கும் நெறிமுறைக் குழுவும் கூடும் நாட்கள் ஓராண்டுக்கு, விதைநிதிக்கு விண்ணப்பிக்கும் நாள், டி.ஆர்.பி. மாதங்கள், துறையின் மாநில மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் கடைசி நாள். தாளின் அடியில் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும். 'ஆய்வுப் பிரிவு' என்று பொதுவாகப் போட்டுவிடாதீர்கள். கூப்பிட்டால் எடுக்கும் ஆளின் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வு முறையியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் மருத்துவப் புள்ளியியலாளர்களும்