ஜனவரி மாத மொலாசஸும் 21 உயிர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கில மரபுத்தொடர் பகுதியில் ‘ஜனவரி மாத மொலாசஸ் போல மெதுவாக’ என்ற தொடருக்கு விளக்கம் போட்டிருந்தீர்கள். (மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கெட்டிப் பாகு.) 1919இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொட்டி உடைந்து மொலாசஸ் தெருவில் மெல்ல ஊர்ந்து போனதாம், அதிலிருந்து வந்த தொடராம். தலைப்பு வேறு ‘இனிப்பான விபத்து’. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்த விபத்து தாங்கள் அறியாததல்ல. 1919 ஜனவரி 15, மதிய நேரம். 50 அடி உயரம், 90 அடி அகலத்தில் நின்ற இரும்புத் தொட்டி பிளந்து, 23 லட்சம் கேலன் மொலாசஸ் வெளியே பாய்ந்தது. அலையின் வேகம் மணிக்கு 35 மைல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தீயணைப்பு நிலையமே பெயர்ந்து போனது. மேல்பாதை ரயிலின் இரும்புத் தூண் வளைந்தது. செத்தவர்கள் 21 பேர். பத்து வயதுப் பிள்ளைகளும் அதில் உண்டு. இதில் எது ஊர்ந்தது, எது இனித்தது?

அந்தத் தொடரும் விபத்துக்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து பீப்பாயில் வந்த மொலாசஸ்தான் அங்கே ஏழைகளின் சர்க்கரை. கடுங்குளிரில் இறுகிக்கொண்டு ஊற்றினாலும் விழாது. விஷயம் இவ்வளவுதான்.

நான் சர்க்கரை ஆலையில் மொலாசஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சூடாக வரும்போது எண்ணெய் மாதிரி ஓடும். மார்கழி விடியற்காலையில் வால்வை முழுக்கத் திறந்தாலும் நூலாகத்தான் இறங்கும். குழாய்க்கு நீராவி கொடுத்து இளக்க வேண்டும். தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். தொட்டியின் வெல்டிங்கில் கசிகிறது என்று ஒருமுறை மேலதிகாரியிடம் சொன்னபோது, “மொலாசஸ்தானேய்யா, எங்க ஓடிடப் போகுது?” என்றார். பாஸ்டனிலும் தொட்டி கட்டிய நாளிலிருந்து கசிவு. தொட்டிக்குச் சொந்தக்காரக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கசிவு கண்ணில் படாமலிருக்க பழுப்பு நிறத்தில் பெயிண்ட் அடித்தது. தண்ணீர் நிரப்பி முறையாகச் சோதிக்கக்கூட இல்லை. உடைந்த பிறகு, யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்று வாதாடியது. கம்பெனிதான் பொறுப்பு என்று முடிவாக 1925 ஆகிவிட்டது. அப்புறம், அலை நின்ற பின் குளிரில் பாகு இறுகியதால் சிக்கியவர்களை வெளியே எடுக்கப் பட்ட பாடு தனி. மெதுவாக ஓடும் பொருள்தானே என்ற அலட்சியத்தின் விலை அது. தங்கள் பத்திரிகையும் அதையே சொன்னால் எப்படி?

இது முதல் தடவையும் அல்ல. கூரையிலிருந்து பூனையும் நாயும் வழுக்கி விழுந்ததால்தான் பெருமழைக்கு ஆங்கிலத்தில் ‘பூனையும் நாயுமாகப் பெய்கிறது’ என்கிறார்கள் என்று முன்பு எழுதினீர்கள். ஆதாரமில்லாத கதை என்று விரிவாகக் கடிதம் போட்டேன். அதில் அட்டைப்படத்தைப் பாராட்டியிருந்த ஒரு வரியை மட்டும் என் பெயரோடு வெளியிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அச்சிடவா பல வருஷமாகச் சந்தா கட்டுகிறோம்? வாசகர் கடிதப் பக்கமும் இப்போது பாதியாகிவிட்டது. தங்கள் பத்திரிகையை அச்சு வாசனை போகுமுன் படிக்கிறவன் என்பதால் இந்த வருத்தம்.

அடுத்த இதழில் அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இறந்தவர்கள் 21 பேர் என்பதும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்