இரண்டு தெருவும் இரண்டு மணி நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகர்ப்புறப் பசியைத் தணிக்க அக்கம்பக்கத்து உணவகங்களையும் கடைகளையும் சமூகக் கூடங்களையும் ஒன்றிணைத்துச் செயல்படும் தொண்டு நிறுவனங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அத்தகைய அமைப்பொன்றில் ஆறு ஆண்டுகளாக மாலை நேரத் தன்னார்வலராக இருந்து, வந்து சேரும் உணவையும் வெளியே போகும் உணவையும் பதிவேட்டில் எழுதிவருகிறேன். கட்டுரை சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், ஆண்டுக்கு இத்தனை வேளை உணவு வழங்கப்பட்டது என்ற கணக்கோடு அது நின்றுவிட்டது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

உலகில் உணவுக்குப் பஞ்சமில்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் மட்டும் வீடுகளிலும் உணவகங்களிலும் சில்லறைக் கடைகளிலுமாக ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. மறுபுறம், போதிய உணவு கிடைக்குமா என்ற நிச்சயமின்றி வாழ்வோரில் பெரும்பகுதியினர் இன்று நகரங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும்தான் இருக்கிறார்கள். மீந்துபோன சமையலுக்கும் பசித்த வயிற்றுக்கும் இடையே பல வேளைகளில் இரண்டு தெரு தொலைவுதான் இருக்கிறது. அந்தத் தொலைவைக் கடக்க நமக்குக் கிடைக்கும் அவகாசமும் மிகக் குறைவு: சமைத்த உணவை அறையின் வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாகக் கொடுப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும் குளிரவைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழும் வைத்திருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

இதை நான் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டேன். ஓர் இரவு, ஒரு பெரிய நிகழ்ச்சியில் உணவு மீந்துவிட்டதாக எங்களுக்குத் தகவல் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாத்திரங்கள் திறந்தபடியே கிடந்தன. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. இருந்தாலும், எங்களை எதிர்பார்த்துப் பலர் காத்திருப்பது தெரிந்தும் அத்தனையையும் குழிதோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் எங்கள் அமைப்பு ஒவ்வொரு கூட்டாளியுடனும் எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்துகொள்ளத் தொடங்கியது. உணவு மிஞ்சக்கூடும் என்று எத்தனை மணிக்குள் தெரிவிக்க வேண்டும், மூடிபோட்ட கலத்தில் மாற்றி வைப்பது யார், சமைத்த நேரத்தை அதன்மேல் குறிப்பது யார், எடுத்துப்போக வண்டி வராவிட்டால் யாரை அழைப்பது என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன. படிக்கச் சுவையற்ற தாள்தான், ஆயினும் அது வந்தபின் நாங்கள் வீசியெறியும் அளவு கண்கூடாகக் குறைந்தது. பிரான்ஸ் நாடு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள கடைகள் உண்ணத்தக்க உணவை அழிக்கக் கூடாது என்று தடை விதித்ததோடு நிற்காமல், தொண்டு அமைப்புகளுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும் வைத்தது. தடையைக் காட்டிலும் அந்த ஒப்பந்தக் கடமையையே நான் முக்கியமானதாகக் கருதுகிறேன்.

பெறுபவர்களின் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும். தொடக்கத்தில் சாலையோரம் வரிசை நிறுத்திக் கொடுத்தோம். வேலை இழந்த குடும்பத்தலைவர்கள், தனித்து வாழும் முதியவர்கள், வாடகை கட்டிய பின் கையில் எதுவும் மிஞ்சாதவர்கள் என உண்மையிலேயே தேவையுள்ள பலர் அந்த வரிசைக்கு வரவே இல்லை. தெரிந்தவர் கண்ணில் படுவோமே என்ற கூச்சம் அவர்களைத் தடுத்தது. அதே உணவை மருத்துவ மையத்திலும் நூலகத்திலும் குழந்தைகள் காப்பகத்திலும் வைத்து, வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றதும் புதிய முகங்கள் வந்தன. ஒரு பெண்மணி நாலு வாரம் கழித்துத் தானே பரிமாற முன்வந்தார், இன்றும் வருகிறார். எங்களிடமிருந்து பெறும் சமூகக் கூடங்களுக்கும் இந்த மதிப்பு பொருந்த வேண்டும். வந்த உணவு தரமாக இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். தானம்தானே என்று எதையும் அவர்கள் தலையில் கட்டுவது கூட்டுறவு ஆகாது.

அடுத்தது பணம். உணவு தர முன்வருவோர் பலர். அதைச் சுமக்கும் வேனுக்கு எரிபொருளும், ஓட்டுநருக்கு ஊதியமும், குளிர்சாதனப் பெட்டிக்கு மின்கட்டணமும் தர முன்வருவோர் மிகச் சிலர். எங்கள் பெட்டி பழுதாகி நின்ற இரண்டு வாரங்களில், நல்ல உணவைக்கூட ஏற்க முடியாமல் திருப்பியனுப்பினோம்.

மீந்த உணவைப் பகிர்வதால் குறைந்த கூலியும் ஏறும் வாடகையும் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அவை அரசின் கொள்கையால் தீர வேண்டியவை. ஆனால் இன்று இரவு சாப்பிட வேண்டியவர் அதுவரை காத்திருக்க முடியாது.

ஆகவே, இத்தகைய அமைப்புகளைப் பற்றி அடுத்து எழுதும்போது, எத்தனை வேளை உணவு என்பதோடு, அழைப்பு வந்ததிலிருந்து உணவு ஒருவர் கைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு வீசப்பட்டது, வண்டிக்கும் குளிர்சாதனத்துக்கும் யார் பணம் தருகிறார்கள் என்ற மூன்றையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். எங்கள் பதிவேட்டில் முதல் இரண்டுக்கும் நாள்வாரியாக விடை உண்டு. கேட்டு வருவோருக்கு நானே எடுத்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்