கடல்பாசி காய்ச்சிக் குடித்தால் ஈறு ஆறுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈறு நோய்க்குக் கடற்பாசியே இயற்கை மருந்து என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. பழுப்புக் கடற்பாசியிலுள்ள ஃபியூக்கோய்டான், ஃப்ளோரோடானின் என்ற இயற்கைப் பொருள்கள் ஈறைக் கெடுக்கும் கிருமிகளின் வளர்ச்சியை ஆய்வகத்தில் குறைத்திருப்பது உண்மைதான். ஆனால், நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசி சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. சூஷியில் சுற்றும் நோரியும் அப்படியே. இரண்டிலும் ஃபியூக்கோய்டான் கிடையாது.

ஈறு நோய்க்குக் காரணமே பல்லில் படியும் வழவழப்பான கிருமிப் படலம்தான். அது எச்சிலிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சில நாள்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தெரியலாம். இறுகிய காரையை எந்தப் பொடியும் கரைக்காது. பல் மருத்துவர்தான் கருவியால் சுரண்டி எடுக்க வேண்டும். ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தைத் துலக்காமல் விட்டால் வீக்கம் இன்னும் கூடும். மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, காலையும் இரவும் 2 நிமிடம் துலக்குங்கள். பல்லிடுக்கைத் தனியாகச் சுத்தம் செய்யுங்கள்.

கெல்ப் என்ற பழுப்புக் கடற்பாசியில் செய்யும் மாத்திரையில் எச்சரிக்கை தேவை. பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். மாத்திரையில் பல மடங்கு இருக்கக்கூடும், தைராய்டு பாதிக்கப்படலாம். ஃபியூக்கோய்டானுக்கு ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் தன்மையும் உண்டு. வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தைச் சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

சிங்கப்பூர் அரசின் சமூக சுகாதார உதவித் திட்டமான சாஸின் (CHAS) நீல, ஆரஞ்சு அட்டைதாரர்களுக்குப் பல் சிகிச்சை மானியம் உண்டு. மாத்திரை வாங்கும் முன் அதைப் பயன்படுத்துங்கள்.

பல்நலத் துறையினர் இருவர்,
ஈசூன்