பிரீமியம் கணக்குப் போடுகிற வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் "மேக்ஸ் படிச்சா டீச்சர், இல்லேன்னா பேங்க் எக்ஸாம், வேற என்னப்பா இருக்கு" என்று கேட்டாய். அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். டீச்சர் வேலை நல்ல வேலைதான், மனசு அதில் இருந்தால் தாராளமாகப் போ. ஆனால் உனக்கு ரொம்பப் பிடித்தது நிகழ்தகவு என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதை வைத்தே சம்பாதிக்கிற ஒரு தொழில் இருக்கிறது.

இன்சூரன்ஸ் ஏஜென்டாக நான் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேனே பிரீமியம் அட்டவணை, அதற்குக் கணக்குப் போடுபவர்தான் ஆக்சுவரி. 30 வயதுக்காரர்கள் ஒரு லட்சம் பேர் ஆளுக்கு 10 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால், எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று சொல்கிற 2012-14 இறப்பு அட்டவணைப்படி ஒரு வருடத்தில் ஏறக்குறைய 100 பேர் இறப்பார்கள், 10 கோடி கொடுக்க வேண்டும், பிரித்தால் தலைக்கு 1,000 ரூபாய். 50 வயது என்றால் சுமார் 440 பேர், தலைக்கு 4,400. இது வெறும் ஆரம்பம்தான். இருபது வருடம் கழித்துக் கொடுக்கப்போகிற பணத்துக்கு இன்று என்ன மதிப்பு, வட்டி இறங்கினால் என்ன ஆகும், எத்தனை பேர் பிரீமியம் கட்டாமல் பாதியில் லேப்ஸ் ஆக விடுவார்கள், சர்க்கரை உள்ளவருக்கு எவ்வளவு கூட்டுவது என்று அது போய்க்கொண்டே இருக்கும். வால்மீனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த ஹாலி 1693லேயே பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து இப்படி ஓர் இறப்பு அட்டவணை போட்டிருக்கிறார்.

வீட்டுக்காரர் போய், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நிற்கிற அம்மாவின் கையில் கிளெய்ம் பணம் வந்து சேருவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒழுங்காகக் கணக்குப் போட்டதால்தான் அந்தப் பணம் அன்றைக்கு இருந்தது. என் பெண் அந்த வேலையைச் செய்தால் எனக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சுவரி ஆக முதலில் ஏசெட் என்ற நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ முடித்தவர்களே எழுதலாம். அதற்கப்புறம் பேப்பர் பேப்பராக எழுதி முடிக்கப் பல வருடம் ஆகும், நன்றாகப் படிப்பவர்களுக்கே சில பேப்பர் ஃபெயில் ஆகும். முழுதும் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சில பேப்பர் பாஸானதும் வேலைக்குச் சேர்ந்துகொண்டே மீதியை எழுதுகிறார்கள். வேலை பெரும்பாலும் மும்பை, குருகிராம், பெங்களூர் பக்கம்தான், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இது ஒத்துவராவிட்டால் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது, நீ புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுத்திருப்பதால் அதற்குத் தகுதி உண்டா என்று பார். மேலே படிக்க ஆசையென்றால் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், கொல்கத்தாவில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம். கேம்பஸில் முதலில் வருகிற கம்பெனி என்பதற்காக மட்டும் கணக்கை விட்டுவிடாதே.

ஏசெட் சிலபஸை இறக்கிப் பார், அடுத்த தேர்வுக்குப் பதிவு எப்போது என்றும் சொல். பீஸை நான் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா